வங்கக் கடலின் கணக்குப் புத்தகம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திரா தீவின் வடகோடிக்கு அருகே சமுத்திரத்தின் அடித்தளம் பிளந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகையால் வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம் இன்னும் கலையவில்லை. நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மீனவக் குடும்பங்கள் வழக்கம்போல் கரையோரத்தில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பிளவில் எழுந்த அலை, ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தோடு ஓடிவந்து நம் கரையைத் தொட்டபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையே கழிந்தது இரண்டரை மணி நேரம். நாகப்பட்டினத்தில் பஸ் ஏறிய ஒருவர் அந்த நேரத்துக்குள் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருப்பார். கரையில் இருந்தவர்களோ அரை மைல் மேற்கே நடந்திருந்தால் போதும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 8,000 பேர், இலங்கையில் 30,000 பேருக்கு மேல், சமுத்திரத்தைச் சுற்றியுள்ள தேசங்கள் எல்லாவற்றிலுமாக இரண்டேகால் லட்சத்துக்கு மேல்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் உலகில் ஒருவருக்குமே விஷயம் தெரியாமலிருந்தது என்று எண்ணினால் தவறு. பூமி அதிர்ந்த பதினைந்தாவது நிமிஷத்திலேயே, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகளிலுள்ள சுனாமி எச்சரிக்கை நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டுவிட்டது. ஆனால் அது பசிபிக் கரை நாடுகளுக்காக ஏற்பட்ட நிலையமாகையால், தங்கள் சமுத்திரத்துக்கு அபாயம் இல்லை என்பதே அந்த அறிக்கையின் சாரமாக இருந்தது. பூகம்பத்தின் அளவை முதலில் 8.0 என்று கணித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தினார்கள். உண்மையில் அது 9.1. எண்களுக்கிடையே ஒன்று சொச்சம்தான் வித்தியாசம் என்று தோன்றினாலும், இந்த அளவை படிக்குப் படி முப்பது மடங்குக்கு மேல் பெருகுவதாகையால், வெளிப்பட்ட சக்தியில் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் அது. 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிழிந்த ஒரு பிளவை, முதல் சில நிமிஷங்களில் வந்து சேரும் அதிர்வுகளைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் கணக்கு குறையத்தான் செய்யும். அந்தக் குறையை நிவர்த்தி செய்யக்கூடியவை கடலின் மட்டத்தை அளக்கும் கருவிகள். அன்றைக்கு இந்து மகாசமுத்திரத்தில் உடனுக்குடன் செய்தி அனுப்பக்கூடிய அத்தகைய கருவிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதில் வேதனை தரும் விசேஷம், கருவிகள் இல்லாமற்போகவில்லை என்பது. சென்னை, தூத்துக்குடி, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் அளவுகோல்கள் அன்று அந்த அலையைச் செவ்வனே பதிவு செய்தன. பதிவான கணக்குகள் பல நாள் கழித்து ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தன. அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்ப்பதற்காக ஏற்பட்ட சர்வதேச ஸ்தாபனம் கடலுக்கடியில் வைத்திருந்த செவிகள், டியேகோ கார்சியாத் தீவின் அருகே அந்தப் பிளவின் ஓசையைக் கேட்டன. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் விவரங்கள் ஒப்பந்தக் காரியத்துக்கேயன்றிப் பிற காரியங்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை என்பது அன்றைய விதி. பூகம்பம் நிகழ்ந்த இரண்டு மணி நேரத்தில் ஜேசன் என்ற செயற்கைக் கிரகம் வங்கக் கடலுக்கு மேலாகவே பறந்து, நீர்மட்டம் முழ உயரத்துக்குச் சற்று மேலாக உப்பியிருப்பதை ஆகாயத்திலிருந்து அளந்தது. அந்த அளவு கணிக்கப்பட்டு மனிதர் கண்ணுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. நம் தலைநகரத்தில் ஓர் இலாகா அனுப்பிய அவசரச் செய்தி, பதவியிலிருந்து விலகிவிட்ட பழைய மந்திரியின் வீட்டுக்குப் போனதாக அந்நாளையப் பத்திரிகைகள் எழுதின. ஆகவே கடல் தன் கணக்கை ஒளிக்கவில்லை. அதைப் பல கைகள் பல ஏடுகளில் எழுதிக்கொண்டன. ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு சேர்த்துப் படிக்க ஏற்பாடு இல்லை.

இந்த ஏற்பாட்டைத்தான் இக்காலத்தார் தரவுப் பகிர்வு என்கிறார்கள். புதிய சொல்லானாலும் விஷயம் பழையது. அதிலும் வங்கக் கடலுக்கு அது மிகப் பழையது. நூற்றெழுபது வருஷங்களுக்கு முன் கல்கத்தாவில் ஹென்ரி பிடிங்டன் என்றோர் ஆங்கிலேயர் இருந்தார். கப்பல் தலைவராக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்பு கல்கத்தாவில் தங்கி, கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவரானவர். புயலில் அகப்பட்டுத் தப்பிய மாலுமிகளையெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே: இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, பாரமானியில் ரசம் எவ்வளவு இறங்கியது என்பதைத் தங்கள் தினசரிக் குறிப்பேட்டிலிருந்து பிரதி செய்து தமக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கப்பலின் குறிப்பைத் தனியே பார்த்தால் அது ஒரு மனிதனின் பயம். இருபது கப்பல்களின் குறிப்புக்களை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் புயலின் உருவமே தெரிந்துவிடும். 1845இல் மொரீஷியஸ் தீவுக்கு அருகே ‘சார்லஸ் ஹெடில்’ என்ற கப்பல், காற்று தள்ளிய வழியே பல நாள் ஓடியும் வெகுதூரம் போகாமல், செக்குமாடு போல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை அதன் குறிப்பேட்டிலிருந்து அவர் வரைந்து காட்டினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தச் சுழற்காற்றுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டவர் அவரே. 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கைப்புத்தகத்தோடு, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகட்டில் புயல் வட்டம் வரைந்து சேர்த்திருந்தார். நடுக்கடலில் தத்தளிக்கும் கப்பல் தலைவன் அந்தத் தகட்டைத் தன் வரைபடத்தின்மேல் வைத்து, காற்றின் திசையைப் பொருத்திப் பார்த்தால், புயலின் மையம் எங்கே இருக்கிறது, எப்பக்கம் திரும்பினால் தப்பலாம் என்பது புலப்படும். பலர் பயந்து எழுதிய குறிப்புக்கள் ஒருவன் உயிரைக் காக்கும் தகடாக மாறி வந்த அந்தச் சிறு கொம்புத் துண்டுதான், என் அபிப்பிராயத்தில், நம் கடலின் முதல் புயல் எச்சரிக்கைக் கருவி.

அவருடைய கதையில் இன்னொரு பாதியும் உண்டு. கல்கத்தாவுக்குத் துணையாக, சுந்தரவனத்தில் மாத்லா நதிக்கரையில் ஒரு புதிய துறைமுகம் கட்ட அரசாங்கம் யோசித்தபோது, 1853இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். புயலோடு சேர்ந்து எழும் கடலலை அந்த இடத்தை ஒருநாள் அடியோடு மூழ்கடித்துவிடும் என்பது அதன் கருத்து. அவரிடம் கணக்கு இருந்தது. ஆனால் கணக்கைக் கேட்கும் செவி கவர்னர் மாளிகையில் இல்லை. பணம் கொட்டப்பட்டது, ரெயில் பாதை போடப்பட்டது, துறைமுகத்துக்குக் கானிங் பிரபுவின் பெயரும் சூட்டப்பட்டது. 1867 நவம்பரில் வந்த ஒரு புயல், வங்காளம் கண்ட பெரும் புயல்களில் ஒன்று என்று சொல்லத்தக்கது அல்லவாயினும், அந்தத் துறைமுகத்தைப் பாழாக்கிவிட்டுப் போயிற்று. பிடிங்டன் இதைப் பார்க்கவில்லை, 1858இலேயே காலமாகிவிட்டார்.

நாகப்பட்டினத்துக்கும் இப்படி ஓர் ஏடு உண்டு. 1881ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி கார் நிக்கோபார் தீவின் அடியில் ஒரு பூகம்பம் நிகழ்ந்து, சிறிய சுனாமி ஒன்று புறப்பட்டது. வங்கக் கடலைச் சுற்றிலும் சர்வே இலாகா நிறுவியிருந்த அளவுகோல்கள், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தவை உட்பட, அதைக் காகிதத்தில் கோடாக எழுதிவைத்தன. நூற்றிருபது வருஷங்களுக்குப் பின் இரண்டு விஞ்ஞானிகள் அந்தக் கோடுகளை மறுபடியும் எடுத்துப் படித்து, அந்தப் பூகம்பம் எங்கே, எவ்வளவு நீளத்துக்குப் பிளந்தது என்று கணக்கிட்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது வெளிவந்த வருஷம் 2003. அடுத்த வருஷம் டிசம்பரில், அதே வரிசையில், அதைப்போல் பன்மடங்கு பெரிய பிளவு உண்டாயிற்று. விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சாகிவிட்டதனாலேயே ஒரு செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு நிலைமை மாறியது. மாறிய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரிலிருந்து இரவு பகலாக ஒரு சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. அதற்கு மூன்று வகைச் செய்திகள் வருகின்றன. பூகம்பமானிகள் நம் நாட்டிலிருந்தும் அந்நிய நாடுகளிலிருந்தும் அதிர்வைச் சொல்லுகின்றன. நடுக்கடலின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், தலைக்குமேல் நிற்கும் பல ஆயிரம் மீட்டர் நீரின் பாரத்தில் சில சென்டிமீட்டர் மாறினாலும் உணர்ந்து, ஒலி வழியாக மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை அதைச் செயற்கைக் கிரகத்தின் மூலம் கரைக்கு அனுப்புகிறது. கரையோர அளவுகோல்கள் அலை வந்ததை நிச்சயப்படுத்துகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பூகம்பம் நிகழ்ந்தால் எந்தக் கரைக்கு எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு உயர அலை வரும் என்பதை ஏராளமான கற்பனைப் பூகம்பங்களுக்கு முன்கூட்டியே கணித்து வைத்திருப்பதால், நிகழ்ந்த பிறகு புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போல் எடுத்துப் பார்த்தால் போதும். 2011 அக்டோபர் முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் இந்து மகாசமுத்திரம் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பை ஏற்றன. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி பிற்பகல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மறுபடியும் பூமி அதிர்ந்தபோது, ஹைதராபாத்திலிருந்து எட்டு நிமிஷத்தில் முதல் அறிக்கை வந்தது. சென்னையில் அலுவலகங்களை விட்டு ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தத் தடவை பூமியின் தகடுகள் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் உராய்ந்தமையால் பெரிய அலை எழவில்லை. இதையும் கடல் நடுவிலிருந்த கருவிகளே உறுதி செய்தன. அபாயம் உண்டு என்று சொல்வதைப் போலவே, இல்லை என்று காலத்தில் சொல்வதும் எச்சரிக்கையின் கடமை. வீண் பயத்துக்கு மூன்று தடவை ஓடியவன் நாலாவது தடவை ஓடமாட்டான்.

ஆனால் கணக்குகளைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஒற்றுமை சுலபத்தில் கைகூடவில்லை. பூகம்பத்தை உணரும் கருவிக்கு அணுகுண்டுச் சோதனையும் ஓர் அதிர்வாகத் தெரியுமாகையால், தங்கள் பூகம்பமானிகளின் கணக்கைப் பிறருக்குக் காட்டுவது தங்கள் ரகசியத்தைக் காட்டுவதாகும் என்று நம்முடையது உள்ளிட்ட அரசாங்கங்கள் தயங்கின. அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மறுபுறம், வேவு பார்ப்பதற்காகவே ஏற்பட்ட அந்த அணுச்சோதனைக் கண்காணிப்பு ஸ்தாபனம், 2006 முதல் தன் கணக்குகளைச் சுனாமி நிலையங்களுக்குக் கொடுக்கத் தன் விதியைத் தளர்த்தியது. நதிகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. பிரம்மபுத்திரா சீனாவில் உற்பத்தியாகி வருவதால், மழைக்காலத்தில் மேற்புறத்து நீர்மட்டத்தை நமக்கு அறிவிக்க 2002இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2017இல் டோக்லாம் எல்லையில் இரு சேனைகளும் எதிரெதிரே நின்ற வருஷத்தில் அந்தக் கணக்கு வரவில்லை, மறுவருஷம் மீண்டும் வந்தது. கருவிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம் என்பது சீனா சொன்ன காரணம். அண்டை வீட்டுக்காரரைக் குறை சொல்லும் நாமும், கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா ஆகிய நதிகளின் நீரோட்டக் கணக்குகளை நம் சொந்த ஆராய்ச்சியாளர்களுக்கே தாராளமாகக் கொடுப்பதில்லை. அவை ரகசிய வகையைச் சேர்ந்தவை.

வானிலைக்காரர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைக் காட்டிலும் பெருந்தன்மையுள்ளவர்கள். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் விடியற்காலை ஐந்தரை மணியை ஒட்டி ஒரு பலூன் மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில், அங்கே நள்ளிரவானாலும் நடுப்பகலானாலும், அதேபோன்ற பலூன்கள் ஏறுகின்றன. அவை சொல்லும் வெப்பமும் ஈரமும் காற்றின் வேகமும் சிநேகிதர் பகைவர் என்ற பேதமின்றி எல்லா நாட்டுக் கணிப்பொறிகளுக்கும் போய்ச் சேருகின்றன. 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தில் மூன்று லட்சத்துக்குக் குறையாத ஜனங்களைக் கொன்ற போலாப் புயலுக்குப் பின், வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சூழ்ந்த நாடுகள் 1972இல் ஒரு கூட்டுக் குழு அமைத்துக்கொண்டன. ஒரிஸாவில் 1999இல் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்ற புயலையும், அதே கரையில் 2013 அக்டோபரில் வீசிய பைலின் புயலையும் ஒப்பிட்டால், பிந்தியதில் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டு, மாண்டோர் தொகை ஐம்பதுக்குள் அடங்கிற்று. புயல் எங்கே கரையேறும் என்பதை நாலு நாள் முன்னதாகச் சொன்னது விஞ்ஞானம். நம்பி, லாரிகளையும் பஸ்களையும் அனுப்பியது ராஜாங்கம். இரண்டும் சேர்ந்தன.

சேராதபோது என்ன நிகழும் என்பதற்குச் சென்னைவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஏரியின் மட்டம் எத்தனை அடி என்பது பொதுப்பணித்துறைக்குத் தெரியும்; மழை எவ்வளவு வரும் என்பது வானிலை இலாகாவுக்கு ஓரளவு தெரியும்; எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது என்பது மாநகராட்சி ஊழியருக்குத் தெரியும். ஜாபர்கான்பேட்டையில் ஆற்றோரத்தில் குடியிருப்பவருக்கு இவற்றுள் எது தெரிந்து என்ன பிரயோஜனம்? 29,000 கன அடி என்றால் தம் வீட்டுத் திண்ணையில் எத்தனை அடி என்று அவர் எந்த வாய்ப்பாட்டைக் கொண்டு பெருக்கிப் பார்ப்பார்? அவருக்கு வேண்டியது, இந்தத் தெருவில் இன்று இரவு இத்தனை மணிக்கு இடுப்பளவு தண்ணீர் வரும் என்கிற ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுத மழைக் கணக்கும் ஏரிக் கணக்கும் ஆற்றின் குறுக்களவும் தெருவின் உயரமும் ஒரே மேஜையில் கூட வேண்டும். சட்டசபையில் பின்னர் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை ஏரியை நிர்வகித்த விதத்தைக் கண்டித்தது. அதன்பின் சென்னைக்கென்று ஒரு வெள்ள முன்னறிவிப்புத் திட்டம் தயாராயிற்று. ஏரிகளின் மட்டமும் நாள்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. தேசங்களுக்கிடையே கணக்கு பரிமாறுவதைவிட ஒரே அரசாங்கத்தின் இரண்டு இலாகாக்களுக்கிடையே பரிமாறுவது கஷ்டமான காரியம் என்பது என்னுடைய துணிபு. தேசங்களுக்கு ஒப்பந்தம் என்று ஒன்றாவது இருக்கிறது.

எச்சரிக்கை ஜனங்களிடம் போய்ச் சேர எடுத்துவைக்க வேண்டிய கடைசி அடி மிகக் குறுகியது. ஆனால் அங்கேதான் எல்லாம் தவறுகிறது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஓர் அறிவு மையம் ஏற்பட்டிருந்தது. அந்த வட்டாரத்தில் இத்தகைய மையங்கள், அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து எல்லோருக்கும் தெரிய வெளியிட்டு வந்த அலை உயரக் கணக்கை எடுத்து, வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தமிழில் மைக் செட் வைத்து நாள்தோறும் சொல்லி வந்தன. எங்கோ ஒரு சேனாதிபதிக்காகப் போட்ட கணக்கு, இங்கே ஒரு கட்டுமரக்காரர் இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று தீர்மானிக்கப் பயன்பட்டது. சுனாமியன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு ஊருக்குப் போன் செய்தார். கேட்டவர்கள் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே மைக்கில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,500 பேருக்கு மேல் வசித்த அந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்திருந்தால், அது எவ்வளவு உயரம் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். சுவரில் பாசி படிந்த கோடாவது இருக்கும். வெள்ளையடிக்கும் முன் அதைத் தரையிலிருந்து அளந்து, தேதியும் நேரமும் சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலோ வார்டு அலுவலகத்திலோ கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பிடிங்டன் தம் மாலுமிகளிடம் கேட்டதும் இவ்வளவுதான்.